அரசனின் ஆணையும் அருளப்புவின் அண்ணனும்

இன்று வியாழக்கிழமை காலை கிடைத்த செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். அருளப்புவின் உடல் இன்னும் குளிர் அறையில்தான் இருக்கிறது. மாணவர் வெட்டிப் படிக்கும் மேசைக்குப் போகவில்லை. இதைச் சொன்னவர் உடற்கூற்றுப் பிரிவின் காரியாலயத்தில் இருக்கும் பெண். பதிவைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் உடலைப் பார்க்கவில்லை; பார்க்கக் கேட்கவும் இல்லை. ஆகவே அவர் சொன்னார் என்ற அளவுக்குத்தான் இது உறுதி. நேற்று தொலைபேசியில் நீ கேட்டது இந்த ஒன்றைத்தான், பிள்ளை.

இதை உன் பெரியம்மா வேலை செய்யும் பொலோஞ்ஞா கடையின் ஃபக்ஸுக்கு அனுப்புகிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கொடுக்கும் பங்குத் தாளிலும் போடச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் கேட்காமல் செய்தேன் என்று கோபப்படாதே. அருளப்புவின் அண்ணன் மரியதாஸ்தான் கேட்டான். "எனக்கு நடந்தது இன்னொருத்தனுக்கு நடக்கக் கூடாது அண்ணை, எல்லாருக்கும் விளங்கிற மாதிரி எழுதுங்கோ" என்றான். உன் பெயர் இதில் இல்லை. ஊரார் படிக்கும் தாள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் இருந்த காலத்துப் பழக்கம், அதைப் பொறுத்துக்கொள்.

அருளப்பு மன்னார்ப் பக்கம் பேசாலைக்காரன். பலெர்மோவின் கடலோரம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தான். இங்கே தங்குவதற்கான அனுமதி, பெர்மெஸ்ஸோ, கிடைக்கவில்லை, கையில் இருந்தது கடவுச்சீட்டு மட்டும். கடை பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் ஒரு பையில் கணவாய்த் தலைகளோடு நம் வீட்டுக்கு வருவான். உன் அம்மா கதவைத் திறந்ததும், "உடம்பை இத்தாலியன் தின்னுறான், தலையை எங்களிட்டக் கொண்டு வாறியோ?" என்பாள். அவனும் விடமாட்டான். "தலையிலதான் அக்கா ருசி. அவங்களுக்கு அது இன்னும் விளங்கேல்லை. விளங்கினால் எங்களுக்கு இதுவும் இல்லை." பிறகு நம் சமையலறையில் அவனே வெங்காயம் வெட்டுவான். சிரிக்கும்போது கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொள்வான். முன்பல் ஒன்று இல்லை.

நீ மருத்துவம் படிக்கப் போன முதல் வருடம், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை வாங்கி வந்து அவன் கையில்தான் பழகினாய். "இறுக்காதையுங்கோ டொக்டரம்மா, நாளைக்கும் இந்தக் கையாலதான் மீன் வெட்டோணும்" என்பான். ஒருநாள் நீ அளவைச் சொல்லாமல் திரும்பவும் கட்டினாய். திரும்பவும் அதே அளவு. வைத்தியரிடம் போகும்படி சொன்னாய். "பெர்மெஸ்ஸோ இல்லாதவனுக்குப் பிரஷர் மட்டும் என்னத்துக்கு?" என்றான். நீ சிரிக்கவில்லை என்று கண்டதும் உன்னைச் சமாதானப்படுத்தச் சொன்னான்: "சரி, என்ர உடம்பிலயே வடிவாப் படியுங்கோ. பிறகு மற்ற ஆக்களிட்டப் பிழை விடமாட்டியள்." எல்லோரும் சிரித்தோம். உன் அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

அந்த ஒரு வாக்கியம்தான் உன்னைப் பொலோஞ்ஞாவரை துரத்தியிருக்கிறது என்று உன் பெரியம்மா சொன்னாள். சாப்பிடும்போதும் அதையே சொல்கிறாயாம். ஆயிரம் பேருடைய வாக்குமூலங்களைக் கேட்டு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளை: பகிடி ஒரு சம்மதம் ஆகாது. அவன் உனக்குக் கொடுத்தது உயிரோடிருந்த கையை. அதுவும் ஒரு திங்கட்கிழமைப் பின்னேரத்துக்கு.

செப்டம்பர் கடைசியில் அவன் கடையிலேயே விழுந்தான். மூளைக்குள் இரத்தம் கசிந்ததாக வைத்தியசாலையில் சொன்னார்கள். நினைவு திரும்பாமலே போய்விட்டான். மறுநாள் உடலைக் கேட்க மரியதாஸ் போனான். அவனுக்கு இத்தாலியன் பாதிதான் வரும் என்பதால் நீ கூடப் போனாய். நான் அன்று வேலையில் இருந்தேன். அங்கே நடந்ததை உன்னிடமும் அவனிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டும் ஒத்துப்போகின்றன.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுதுவினைஞர் மரியதாஸைப் பார்த்து, இறந்தவருக்கு நீ என்ன உறவு என்று கேட்டார். "தம்பி. என்ர தம்பி" என்றான் அவன். நீ "ஃப்ரத்தெல்லோ" என்றாய். கூடப்பிறந்தவன். எழுதுவினைஞர் இரண்டு கடவுச்சீட்டுகளையும் விரித்தார். ஒன்றில் சந்தியோகு அருளப்பு, மற்றதில் பேதுரு மரியதாஸ். நம்மவருக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும். இங்கே அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். குடும்பப் பெயர் வேறு. தாய் பெயரைக் கேட்டார், அதுவும் வேறு. "தகப்பன் வேறு, தாய் வேறு, எப்படி ஃப்ரத்தெல்லோ?" என்றார். நீ விளங்கப்படுத்தினாய்: இவரது தகப்பனும் அவரது தகப்பனும் கூடப்பிறந்தவர்கள். எழுதுவினைஞரின் முகம் தெளிந்தது. "அப்படியென்றால் குஜீனோ" என்றார். இத்தாலியனில் அதற்குச் சரியான சொல் அதுதான். அவர் பேனாவை எடுத்தார். அந்த இடத்தில் காரியம் முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் நம் பொடியன்கள் இந்த ஊரில் 'மச்சான்' என்பதைத்தான் குஜீனோ என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். பலாரோ சந்தையில் ஒருவனையொருவன் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மரியதாஸுக்குத் தெரிந்த குஜீனோ அதுதான். மாமன் மகன், அக்காளைக் கட்டக்கூடியவன். சித்தப்பாவின் மகன் எப்படி மச்சான் ஆவான்? செத்துக் கிடக்கும் தம்பியைப் போய் மச்சான் என்கிறார்களே என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. "என்ன பிள்ளை கதைக்கிறாள் இவள்? அவன் என்ர மச்சான் இல்லை, தம்பி" என்று உன்னிடம் சொன்னான். பிறகு கண்ணாடியில் கையை வைத்துத் தனக்கு வந்த இத்தாலியனில் அவனே சொன்னான்: "குஜீனோ நோ. நோ குஜீனோ." நீ இடையில் புகுந்தாய்; அவன் உன்னையும் தள்ளிவிட்டுத் திரும்பச் சொன்னான். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எழுதுவினைஞர் எழுதினார்: சகோதரன் அல்லன், ஒன்றுவிட்ட சகோதரனும் அல்லன் என்று வந்தவரே கூறுகிறார். உறவினர் எவருமில்லை.

நீ பிழை விடவில்லை. மரியதாஸும் விடவில்லை. அந்த எழுதுவினைஞரிலும் என்னால் குற்றம் காண முடியவில்லை. அவர் கேட்டதைத்தான் எழுதினார். நம் பங்கில் பெட்டி வாங்கித் தர ஆள் இருந்தது, சவக்காலையில் புதைக்க இடமும் பார்த்தாயிற்று. கேட்க உரிமையுள்ளவன் மட்டும் தாளில் இல்லாமல் போனான். கேட்டுவர உறவினர் இல்லாத உடல் என்று பதியப்பட்டு, உரிய காலம் கழிந்ததும் அது மருத்துவக் கல்லூரிக்குப் போனது. அதை நமக்கு யாரும் வந்து சொல்லவில்லை. புதுப் பாடவருடத்துக்கு எத்தனை உடல் என்று உன் வகுப்பில் யாரோ பேசிக்கொண்டார்கள். அதில் ஒன்று ஆசியாக்காரன், முன்பல் இல்லாதவன் என்றார்கள். நீ வீட்டுக்கு வந்து பொலோஞ்ஞாவுக்குப் பையை அடுக்கினாய்.

நான் சின்யோராவிடம் போனேன். நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவை இந்தத் தாளைப் படிப்பவர்களில் பலர் அறிவார்கள், பெயர் வேண்டாம். அவரது இறந்துபோன கணவர் உடற்கூறு கற்பித்த பேராசிரியர். அவருடைய படிப்பறையில் ஒரு அரசனின் படம் தொங்குகிறது. வருடக்கணக்காக அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறேன். அது யார் என்று அன்றுதான் கேட்டேன்.

நேப்பிள்சை ஆண்ட போர்போன் அரசன். பிரெஞ்சுப் படை வந்ததும் கப்பலேறிப் பலெர்மோவுக்கு ஓடிவந்தவன். வேட்டை என்றால் உயிர். புத்தகம் என்றால் ஆகாது. ஆனாலும் இந்த ஊரின் படிப்புச்சாலையைப் பல்கலைக்கழகமாக உயர்த்தியவன் அவன்தான். வியா மக்வேதா வீதியில் துறவிகளின் பெரிய மாளிகையை அதற்குக் கொடுத்தவனும் அவனே. இவ்வளவையும் பிறகு நூலகத்தில் சரிபார்த்தேன். மற்றது சின்யோரா சொன்னது. அதற்கு முன் இங்கே வைத்தியம் படித்தவன் மேடையில் ஒருவர் லத்தீன் வாசிப்பதைக் கேட்டுவிட்டு நோயாளியிடம் போனான், ஈரல் எந்தப் பக்கம் என்று கையால் தொட்டறியாமலே.

"என் கணவர் முதல் வகுப்பில் எப்போதும் இதைத்தான் சொல்வார். அரசன் மூன்று கொடுத்தான். வீடு, ஆசிரியர்கள், உடல்கள். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டாலும் பயனில்லை" என்றார் சின்யோரா.

"வீடும் சம்பளமும் அரசனுடையவை. உடல் அவனுடையதா, சின்யோரா?"

"அவனுடைய மருத்துவமனையில், அவனுடைய ரொட்டியைத் தின்று இறந்தவனுடைய உடல். அப்போது அப்படித்தான் நினைத்தார்கள்." பிறகு, "நானும் இன்றுவரை அப்படித்தான் நினைத்தேன்" என்றார்.

அந்த மூன்றாவதற்கு அரசனின் கையெழுத்தோடு ஒரு தாளையும் நான் காணவில்லை. அவர் சொல்லை அவர் சொல்லாகவே எழுதுகிறேன். ஆனால் இன்று அருளப்புவைக் கட்டி வைத்திருக்கும் சட்டத்தைக் கண்ணால் பார்த்தேன். அது வேறொரு வம்சத்து, வேறொரு காலத்து அரசனுடையது. அதன் தலைப்பில் இன்றும் 'அரச ஆணை' என்றுதான் இருக்கிறது. இந்த நாட்டில் அரசன் போய் ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. ஆணை போகவில்லை. உறவினர் கேட்காத உடல் படிப்புக்கு என்று அது சொல்கிறது. உறவினர் என்றால் யார் என்று எழுதிய ஒருவருக்கும் நம் பேதுருவும் சந்தியோகும் நினைவில் வந்திருக்க நியாயமில்லை.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "அந்த ராசா தன்ர உடம்பைக் குடுத்தவனோ?" என்று கேட்டாள். இல்லை, அந்தக் குடும்பம் நேப்பிள்சில் ஒரு தேவாலயத்துக்குள் கிடக்கிறது என்றேன். "பளிங்குக்குக் கீழதானே? அப்ப தருமராசாவெண்டு எனக்குக் கதை சொல்லாதையுங்கோ" என்றாள். சட்டியை அடுப்பில் வைத்த பிறகுதான் அழுதாள்.

அதற்கான பதிலை உனக்குச் சொல்ல வேண்டும். நீ பிறந்த அன்று யாழ்ப்பாணத்து வைத்தியசாலையில் தொப்புள்கொடி உன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. மூத்த வைத்தியர் ஒரு பிரேதப் பரிசோதனைக்குப் போயிருந்தார். உன் இப்போதைய வயதைவிட இரண்டு மூன்றுதான் கூடியிருக்கும், ஒரு பொடியன் கையை உள்ளே விட்டு உன்னைத் திருப்பி எடுத்தான். எங்கே எதைத் தொட வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. யாரோ ஒருவரின் உடலில் படித்துத்தான் தெரிந்திருக்கும். அவருடைய அண்ணனும் ஒரு கண்ணாடிக்கு முன்னால் நின்று இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். நான் அன்று ஊர் முழுக்கக் கற்கண்டு கொடுத்தேன். அந்த மனிதர் யார் என்ற கேள்வி எனக்கு இத்தனை வருடமாக வரவில்லை. அருளப்பு வந்துதான் அதைக் கேட்க வைத்திருக்கிறான்.

ஆகவே அந்த அரசனைக் கெட்டவன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லவன் என்றும் வரவில்லை. அவன் திறந்த கதவால்தான் நீயும் உள்ளே போனாய். இந்த ஊரில் பிறக்காத, வீடு துடைக்கிறவனின் மகள். மருத்துவம் படிக்க எடுபட்டவர்களோடு உன் பெயரை அவர்கள் அறிவிப்புப் பலகையில் போட்ட அன்று அருளப்பு கடையிலிருந்து ஏப்ரனோடு ஓடிவந்து, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, "எது எங்கட பேர்? எது?" என்று ஆட்களைத் தள்ளிக்கொண்டு கேட்டான். எங்கட பேர் என்றான், பிள்ளை. உன் பேர் என்று சொல்லவில்லை.

படிப்பை விடுவதா என்பதை நான் உனக்காக முடிவு செய்ய மாட்டேன். விட்டால் அதற்காக முகத்தைத் தூக்கவும் மாட்டேன். இன்னொரு ஊரில், இன்னொரு கூடத்தில் தொடர்ந்தால் ஒன்று மட்டும் செய். மேசையில் கிடப்பவருக்குக் கேட்டுவர ஆள் இல்லை என்று சொன்னால், யார் கேட்டார், எந்த மொழியில் கேட்டார் என்று ஒரு தடவை விசாரி. பெயரைச் சொல்ல மாட்டார்கள். அது பரவாயில்லை. விசாரித்தபின் கத்தியை எடு. படிக்க வந்தவள் தலை குனிந்து நிற்பதால் அங்கே கிடப்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

இனி ஒரு தாயைப் பற்றி. இது உனக்குத் தெரியாது. அருளப்புவின் தாய் பேசாலையில் இருக்கிறார். மரியதாஸ் கொழும்பு வழியாக அவருக்குச் செய்தி அனுப்பியபோது, அடக்கம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டான். உடல் எங்கே என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. தாய் படம் கேட்டிருக்கிறார். பெட்டியைச் சுற்றி சொந்தக்காரர் நிற்கும் படம். நம்மவரின் எந்தச் சாவீட்டிலும் எடுக்கும் படம்தான். அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். முந்தாநாள் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, "பெட்டி இல்லாமல் எப்பிடி அண்ணை படம் எடுக்கிறது?" என்று கேட்டான். உன் அம்மா கொடுத்த சோற்றைக் கையாலும் தொடவில்லை. "நான் வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தால் அண்டைக்கே தந்திருப்பாள். பிள்ளை ஒழுங்காத்தான் சொன்னது. நான்தான் கத்தினன்" என்றான். உன்மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ அவனுடைய தொலைபேசிக்குப் பதில் சொல்லாததால் உனக்குத்தான் வருத்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது விஷயம் நிற்கும் இடம் இது. சின்யோரா தன் கணவரிடம் படித்த ஒருவரோடு தொலைபேசியில் பேசினார். அவர்தான் இன்று உடற்கூற்றுப் பிரிவுக்குப் பொறுப்பாளர். சின்யோரா என் முன்னாலேயே பேசினார். கெஞ்சவில்லை. "உன் ஆசிரியர் உயிரோடிருந்தால் காத்திருப்பார்" என்று மட்டும் சொன்னார். புதன்கிழமை வகுப்பு திறக்கும்வரை உடலைத் தொடுவதில்லை என்று பொறுப்பாளர் ஒப்புக்கொண்டார். உறவை நிரூபித்தால், கொடுப்பதா இல்லையா என்பதை அதிகாரி ஒருவர் செவ்வாய்க்கிழமை முடிவு செய்வார். வழக்கறிஞர் ஒருவர் வருகிறார். பங்குத் தந்தையும் வருகிறார்.

நிரூபணம் மன்னாரில் இருந்தது. பேதுருவும் சந்தியோகும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்று காட்டும் ஞானஸ்நானப் பதிவுகள். போரில் பாதை இருக்கும் நிலையில் அங்கிருந்து ஒரு தாள் வெளியே வருவது என்னவென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே உள்ள சுவாமி எழுதிக் கொடுத்த பிரதியை ஒரு கன்னியாஸ்திரி கொழும்புவரை கொண்டு வந்துவிட்டார். இது உறுதி, நேற்று அவரோடே கதைத்தேன். மிலானோவுக்குப் பறக்கும் ஒருவர் கையில் அது கொடுக்கப்பட்டிருக்கிறது என்றும் கேள்விப்படுகிறேன். இது இன்னும் உறுதியில்லை. வந்தால் சனிக்கிழமை இரவு பலெர்மோவில் இருக்கும். ஞாயிறு புனிதர் எல்லோருக்கும் திருநாள், திங்கள் மரித்தவர்களின் நாள். ஊரில் ஒரு கதவும் திறக்காது. கடைக் கண்ணாடிகளில் மரித்தவர்களின் நாளுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சீனிப் பொம்மைகளை இப்போதே அடுக்கிவிட்டார்கள். தாளை இத்தாலியனில் ஆக்கும் வேலையைத் திங்கட்கிழமை நான் செய்கிறேன். சரிபார்க்க உன்னைப் போல் இத்தாலியன் தெரிந்தவர் நம்மில் இல்லை.

இன்னுமொன்று. அதிகாரி கொடுக்கச் சொன்னால் உடலை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். செவ்வாய் பின்னேரம் சவக்காலையில் அடக்கம். பெட்டியைச் சவ வண்டிக்காரர் தூக்குவதை மரியதாஸ் விரும்பவில்லை. சொந்தக்காரர்தான் தூக்க வேண்டும் என்கிறான். தூக்க ஆறு பேர் வேண்டும். மரியதாஸ், நான், கடையில் அவனோடு வேலை செய்த இரண்டு பேர், பங்கிலிருந்து ஒருவர். ஆறாவது ஆள் யார் என்று கேட்டேன். "பிள்ளை வரட்டும்" என்றான். நம்மில் பொம்பிளைகள் தூக்குவதில்லையே என்றேன். "இஞ்சை ஆர் அண்ணை அவனுக்குக் கைபிடிச்சுப் பாத்தது? பிள்ளைதானே" என்றான்.

பொலோஞ்ஞாவிலிருந்து ரயில் திங்கட்கிழமை பின்னேரம் புறப்படுகிறது. அதைப் பிடித்தால் செவ்வாய் காலை இங்கே இருக்கலாம். அதிகாரியின் முடிவு மத்தியானத்துக்கு முன் வராது. ஆகவே முடிவு தெரியாமல்தான் ஏற வேண்டும். இங்கே வந்து இறங்கி, இல்லை என்ற பதிலை எங்களோடு நின்று கேட்க வேண்டியும் வரலாம். மன்னாரின் தாள் சனிக்கிழமை எதிர்பார்க்கப்படுகிறது. அதிகாரியின் முடிவு செவ்வாய்க்கிழமை. ஆறாவது ஆள் யார் என்பதை மரியதாஸுக்கு நான் திங்கள் மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும்.